ரெண்டு தெரு தள்ளி இருந்த புடவை

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். நமக்கு ஊருன்னா காரைக்குடி. பொட்டி தட்டுற பொழப்புல நாலு நாள் சேர்ந்தாப்ல லீவு கிடைக்கறதே பெரிய விஷயம். அதனால சாப்பிடறது, தூங்கறது, மறுபடி சாப்பிடறதுன்னு மட்டும் திட்டம் போட்டு வெச்சிருந்தேன். ஆனா அந்த நாலு நாள்ல ரெண்டு சம்பவம் நடந்து தூக்கத்தைக் கெடுத்துடுச்சு. ரெண்டுக்கும் ஒரே சம்பந்தம், விளம்பரம். யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லிப் புலம்பணும் இல்லையா, அதான் உங்ககிட்ட வந்துட்டேன் :-)

முதல் சம்பவம். சென்னையிலேர்ந்து கூட வந்த நண்பனுக்கு முனீஸ்வரன் கோயில் தெருவைப் பார்க்கணும்னு ஆசை. தெரியாதவங்களுக்கு: பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வர்ற கதவு, தூண், பீங்கான் ஜாடி, எனாமல் அடுக்கு, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம்னு எல்லாம் அங்கதான் விற்பனைக்கு வரும். ஒரு கடையில மூலையில சாஞ்சு கிடந்த ஒரு எனாமல் பலகையை நண்பன் தூக்கினான். பாதி துரு. மீதியில ஒரு கெட்டில், ஒரு கோப்பை, பக்கத்துல தமிழ்ல, தேயிலைத் தண்ணீர் எப்படிப் போடுவதுன்னு வரிசையா செய்முறை. விலை கேட்டான். கடைக்காரர் சொன்ன தொகைக்கு ரெண்டு வருஷம் தினமும் டீ குடிக்கலாம்.

டீயை விட டீ விளம்பரம் விலை ஜாஸ்தி! சிரிச்சுட்டு வெளிய வந்து, எதிர்ல இருந்த கடையில ஆளுக்கு ஒரு டீ சொன்னோம். குடிக்கும்போதுதான் உறைச்சது. இந்த டீயை நான் குடிக்கறதுக்குக் காரணமே அந்தப் பலகைதானே?

விளையாட்டுக்குச் சொல்லலை. டீ நம்ம பரம்பரைப் பானம் கிடையாது. வெள்ளைக்காரன் அசாம்லயும் நீலகிரியிலயும் தோட்டம் போட்டது ஏற்றுமதிக்காக. நம்ம தாத்தாவுக்குத் தாத்தா காலையில குடிச்சது நீராகாரம். 1903ல தேயிலை ஏற்றுமதி மேல ஒரு சின்ன வரி போட ஒரு சட்டம் வந்துச்சு. எதுக்கு? தேயிலைக்கு விளம்பரம் செய்ய! தோட்டக்காரங்க எல்லாரும் சேர்ந்து கட்டுற காசு, எந்தக் கம்பெனி பேரும் இல்லாம "தேயிலை"ங்கற பொருளுக்கே விளம்பரம். 1930கள்ல உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம் வந்து சரக்கு தேங்கினப்போ, பார்வை முழுசா நம்ம பக்கம் திரும்புச்சு. 1937ல இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம்னு ஒண்ணு. திருவிழாவுல இலவச டீ, வீட்டுக்கு வந்து போட்டுக் காட்டறது, ஏழைக்குன்னு காசுக்கு ஒரு பொட்டலம், ரயில்வே ஸ்டேஷன்கள்ல அந்தந்த மொழியில எனாமல் பலகை. எப்படிப் போடணும்னே தெரியாத சனத்துக்குச் செய்முறையோட விளம்பரம். (காப்பி, டீ ரெண்டும் தமிழ்நாட்டுக்குள்ள எப்படி வந்துச்சு, யார் குடிச்சா கௌரவம், யார் குடிச்சா இளக்காரம்ங்கற கதைக்கு ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படிங்க. அருமையான புத்தகம்.)

இன்னைக்கு டீக்கடை இல்லாத தமிழ்நாட்டை நினைச்சுப் பார்க்க முடியுமா? "நான் விளம்பரம் பார்த்து எதையும் வாங்கறதில்லை"ன்னு சொல்ற எத்தனை பேரை எனக்குத் தெரியும், நான் உள்பட. சொல்லும்போது கையில டீ கிளாஸ் இருக்கும். விளம்பரம் முழுசா ஜெயிச்சுட்டா அது விளம்பரமாவே தெரியாது. பழக்கமா தெரியும். இன்னும் கொஞ்ச நாள் போனா பாரம்பரியமா தெரியும்.

சரி, இதுவரைக்கும் சுவாரஸ்யமான வரலாறு, அவ்வளவுதான். ரெண்டாவது சம்பவம்தான் வயித்தைக் கலக்கிச்சு.

*

மறுநாள் மத்தியானம் வீட்டு வாசல்ல ஒரு பார்சல் வந்துச்சு. அம்மா ஆன்லைன்ல ஏதோ வாங்கியிருக்காங்க. அம்மா ஸ்மார்ட்போன் பழகினதுல எனக்குப் பெருமைதான், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பிரிச்சுப் பார்த்தா ஒரு புடவை. கடுகு மஞ்சள்ல பெரிய கட்டம், அரக்குல அகலமான கரை. மேல ஒரு ஸ்டிக்கர், "ஒரிஜினல் செட்டிநாடு காட்டன்".

"யாருக்கும்மா?"

"உங்க அத்தைக்கு. அறுபதாங் கல்யாணத்துக்கு வெச்சுக் குடுக்கணும்ல. கண்டாங்கிதான் வேணும்னா. நல்லாருக்காடா?"

பார்சல் கவரைத் திருப்பிப் பார்த்தேன். அனுப்புனர் முகவரி வடக்கே எங்கயோ, ரெண்டு மூணு மாநிலம் தாண்டி.

இங்கதான் விஷயம். எங்க வீட்டுலேர்ந்து ரெண்டு தெரு தள்ளி தறி இருக்கு. சின்ன வயசுல பள்ளிக்கூடம் போற வழியில அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டேதான் போவோம். காரைக்குடி கண்டாங்கிக்கு 2019ல புவிசார் குறியீடு வாங்கியாச்சு. அதாவது அந்தப் பேரே எங்க ஊருக்குச் சொந்தம்னு அரசாங்கம் எழுதிக் கொடுத்திருக்கு. எங்க அப்பத்தா கடைசி வரைக்கும் கட்டினது அதுதான். துவைக்கத் துவைக்க மெருகேறும்னு சொல்லும். கிழிஞ்ச பிறகும் அதை விடாம எனக்குத் தொட்டில் கட்டினாங்களாம். அந்த வீட்டு மருமக, அதே ஊர்ல உக்காந்துக்கிட்டு, அதே புடவையை எங்கேர்ந்தோ வரவழைச்சிருக்காங்க.

"ஏம்மா, ரெண்டு தெரு தள்ளிப் போயிருந்தா தறியிலேர்ந்தே வாங்கியிருக்கலாமே?"

அம்மா கொஞ்சம் யோசிச்சாங்க. "எனக்குத் தோணவே இல்லப்பா" அப்படின்னாங்க. அப்புறம், "படம் பார்த்தேன், நல்லாருந்துச்சு. நாலாயிரம் பேரு நல்லாருக்குன்னு போட்டிருந்தாங்க. அப்புறம் ரெண்டே ரெண்டுதான் பாக்கின்னு வந்துச்சா, சரி போயிடப் போகுதேன்னு அமுக்கிட்டேன்."

"ரெண்டே ரெண்டுதான் பாக்கி." இதைக் கேட்டதும் நான் வாயை மூடிக்கிட்டேன். காரணம் இருக்கு.

முதல் வேலையில சேர்ந்த புதுசுல ஒரு வாடிக்கையாளரோட ஷாப்பிங் தளத்துல வேலை பார்த்தேன். (பேரெல்லாம் கேக்கப்படாது.) "இன்னும் இத்தனைதான் பாக்கி"ன்னு காட்டற பகுதி என் தலையில விழுந்துச்சு. நான் அப்பாவியா, ஸ்டாக் விவரம் எந்த டேபிள்ல இருக்குன்னு கேட்டேன். அதெல்லாம் வேணாம், ரெண்டுலேர்ந்து அஞ்சுக்குள்ள ஏதாவது ஒரு நம்பர் காட்டினா போதும்னு பதில் வந்துச்சு. ஒரே ஒரு வரி நிரல். ரேண்டம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சுக் கொடுத்துட்டுப் போய் சாப்பிட்டேன். நல்லா வேலை செஞ்சுதுன்னு பாராட்டு வேற.

அம்மாவை அவசரப்படுத்தின வரியை நான் எழுதலை, அது வேற தளம். ஆனா அதே மாதிரி நான் எழுதின வரி யாரோட அம்மாவையெல்லாம் அமுக்க வெச்சுதோ, அது எனக்குத் தெரியாது. எஞ்சினியரிங் படிச்சதுக்கு இப்படி ஒரு பலன்.

*

இப்போ விளம்பரம்னா டிவியில வர்ற முப்பது செகண்ட் மட்டும் கிடையாது. ஒருத்தர் வாங்கற முடிவை எடுக்கற இடத்துலயே அது உக்காந்திருக்கு. பொய்யான கெடிகாரம், நாம கேக்காமலே கூடையில விழற பொருள், கடைசிப் பக்கத்துல முளைக்கிற கட்டணம், "வேண்டாம்"ங்கற பட்டனைச் சாம்பல் கலர்ல ஒளிச்சு வெக்கறது. 2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டு, செய்யக்கூடாதுன்னு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டுச்சு. அதுல முதல் ஐட்டமே பொய்யான அவசரம்தான். நல்ல விஷயம். ஆனா ஒரு புடவையில உண்மையிலேயே ரெண்டுதான் பாக்கியா, இல்ல ரெண்டாயிரம் இருக்கான்னு அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அந்த டேபிளைப் பார்க்கறது நம்மள மாதிரி ஆளுங்க மட்டும்தான். நாமதான் சாப்பிடப் போயிடறோமே.

இருந்தாலும் பழியை முழுசா அந்த ஒரு வரி மேல போட முடியலை. "தோணவே இல்ல"ன்னு அம்மா சொன்னாங்களே, அதுதான் எனக்கு நிஜமான பிரச்சினையா படுது. ரெண்டு தெரு தள்ளி இருக்கற தறி அம்மா மனசுல ஒரு கடையாவே பதியலை. போன்ல இருக்கறதுதான் கடை. விளம்பரம் பொய் சொல்லி ஏமாத்தறதைப் பத்தி நிறையப் பேசறோம். ஆனா அது ஒண்ணுத்து மேல வெளிச்சம் போடும்போது பக்கத்துல இருக்கறது தன்னால இருட்டுக்குப் போயிடுதே, அதைப் பேசறதில்லை. அந்த இருட்டுல இருக்கறவனைப் பத்தி யாரும் கெட்டதாச் சொல்லலை. யாரும் எதுவுமே சொல்லலை, அவ்வளவுதான். அதுலயே அவன் முடிஞ்சான்.

சாயங்காலம் அந்தத் தறிக்காரர் வீட்டுக்குப் போனேன். வயசு அறுபதுக்கு மேல. என்னை அடையாளம் கண்டுக்கிட்டு உக்காரச் சொன்னார். பார்சல்ல வந்த புடவையைக் காட்டினேன். விரல்ல தேய்ச்சு, ஓரத்தை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார்.

"விசைத்தறி தம்பி. இங்க பாருங்க." கைத்தறியில நெய்யும்போது துணி சுருங்காம இருக்க ரெண்டு கரைக்கும் நடுவுல ஒரு கம்பைக் கொடுத்து இழுத்துப் பிடிப்பாங்க. அந்தக் கம்பு முனையில ஊசி இருக்கும். அதனால கரையோரமா, கூடவே பொடிப்பொடியா ஓட்டை வரிசை போகும். அவர் தறியில இருந்த துணியில அது இருந்துச்சு. இதுல இல்லை. நூல்லயும் பருத்தி மட்டும் இல்லைன்னார்.

"விலை எவ்வளவு தம்பி போட்டிருக்கான்?" சொன்னேன். அவர் விலையில பாதிக்கும் கீழ. சிரிச்சார். "அந்த விலைக்கு எனக்கு நூலும் கூலியுமே கட்டாது. அது பரவாயில்ல. ஆனா பேரை ஏன் எடுத்துக்கறான்? அவன் ஊருப் பேரைப் போட்டு விக்கலாம்ல?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சொன்னார். "படம் நல்லாத்தான் எடுத்திருக்கான். எனக்கு அந்த மாதிரி எடுக்கத் தெரியாது."

*

பேரை ஏன் எடுத்துக்கறான்? பஸ்ல வரும்போது இதையே யோசிச்சுக்கிட்டு வந்தேன். வியாபாரத்துல பேரு எப்பவுமே பொருளை விட்டுத் தனியாப் பயணம் போகும் போலிருக்கு. செட்டிநாடுங்கற பேரோட பயணத்தையே எடுத்துக்கங்க.

சென்னையில அஞ்சப்பர் 1964ல ஆரம்பிச்ச காலத்துலேர்ந்து "செட்டிநாடு" போர்டு போட்ட ஓட்டல்கள் பெருகி, இன்னைக்கு சிங்கப்பூர்லயும் துபாய்லயும் வளைகுடா முழுக்கவும் இருக்கு. அதுல எனக்குச் சந்தோஷமே. ஆனா அந்தப் பேரு ஊர் ஊராப் போகப் போக, அர்த்தம் மாறிப்போச்சு. இப்போ எந்த ஊர் மெனு கார்டுலயும் "செட்டிநாடு"ன்னா கண்ணுல தண்ணி வர்ற காரம், செக்கச்செவேல்னு எண்ணெய். எங்க ஊர்ப் பந்தியில உக்காந்து பாருங்க. வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி, மண்டி, கந்தரப்பம், சீயம். கவுனி அரிசி பர்மா வியாபாரத்தோட வந்தது. கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ வாசனைதான் கறியில தூக்கலா இருக்கும், காரம் அதுக்குப் பின்னாடிதான். ஒரு தடவை எங்க வீட்டுல அம்மியில அரைச்சு வெச்ச கோழிக் குழம்பைச் சாப்பிட்ட சென்னைச் சொந்தக்காரப் பையன், "நல்லாருக்கு, ஆனா செட்டிநாடு டேஸ்ட் வரலையே அத்தை"ன்னான். காரைக்குடியில, காரைக்குடிக்காரங்க வெச்ச குழம்பைப் பார்த்து! அவனைக் குத்தம் சொல்ல முடியாது. அவன் நாக்குக்கு அந்தப் பேரோட ருசியைச் சொல்லிக் கொடுத்தது மெனு கார்டும் மசாலா பாக்கெட்டும்.

"ஆச்சி"ங்கற சொல்லையே பாருங்க. எங்க பக்கம் நகரத்தார் வீட்டுப் பெண்களை மரியாதையாக் கூப்பிடற சொல். பள்ளத்தூர்ல வளர்ந்த மனோரமாவுக்கு அதுதான் பட்டம். நெல்லைப் பக்கம் பாட்டியைக் கூப்பிடற சொல்லும் அதுவே. 1995ல சென்னையில ஒரு மசாலா கம்பெனி அதைத் தன் பேரா வெச்சது. புத்திசாலித்தனமான தேர்வு. யாரும் யாரையும் ஏமாத்தலை. ஆனா ஒண்ணு யோசிங்க. அந்தச் சொல்லுக்குள்ள இருந்த நம்பிக்கை, யாரோ முகம் தெரியாத ஆயிரம் ஆச்சிங்க அடுப்படியில நூறு வருஷம் நின்னு சேர்த்து வெச்சது. பேங்க்ல போட்ட மாதிரி பத்திரமா இருந்துச்சு. கணக்கு மட்டும் யார் பேருலயும் இல்லை.

இதுல நாங்க ஒண்ணும் பரிசுத்தம் கிடையாது. திருப்பியும் பார்க்கணும் இல்லையா? அதே பள்ளத்தூர்லேர்ந்து போன முருகப்பா குடும்பம் 1949ல இங்கிலாந்து கம்பெனியோட கூட்டு சேர்ந்து சைக்கிள் தொழில் தொடங்குச்சு. அம்பத்தூர்ல செஞ்ச சைக்கிள் எந்தப் பேர்ல ஓடுச்சு? ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. பி.எஸ்.ஏ.ன்னா என்னன்னு தெரியுமா? பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். துப்பாக்கி செஞ்ச கம்பெனி! நம்ம ஊர்ப் பொண்ணுங்க பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிட்டுப் போன சைக்கிள்ல பர்மிங்காம் துப்பாக்கிப் பேரு. இது முறையா ஒப்பந்தம் போட்டு வந்த பேரு, திருட்டு இல்லை. ஆனா காரணம் ஒண்ணுதான். அன்னைக்கு வாங்கறவங்க மனசுல பர்மிங்காமுக்கு மதிப்பு. இன்னைக்குச் செட்டிநாட்டுக்கு மதிப்பு. எந்தப் பேருக்கு மதிப்போ அந்தப் பேர்லதான் சரக்கு ஓடும்.

வித்தியாசம் எங்க? பர்மிங்காம்காரன் தன் பேரைத் தானே பேசி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். எங்க ஊர்ப் பேரைக் கேக்கறதுக்கு எந்தக் கதவைத் தட்டணும்னே யாருக்கும் தெரியாது.

*

"அதான் புவிசார் குறியீடு இருக்கே?"ன்னு நீங்க கேக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். 1999ல போட்ட சட்டம், 2003ல அமலுக்கு வந்துச்சு. இந்தியாவுல முதல்ல அந்தக் குறியீடு வாங்கினது எது தெரியுமா? டார்ஜிலிங் தேயிலை. மறுபடியும் டீ!

இது தற்செயல் இல்லை. 1903லேர்ந்து தேயிலைக்கு முன்னாடி ஒரு பொது உண்டியல் இருந்துச்சு, பின்னாடி ஒரு வாரியம் இருந்துச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் அது டீ போர்டு ஆச்சு. வெளிநாட்டுல எவனாவது டார்ஜிலிங் பேரை எடுத்தா வக்கீல் வெச்சு வழக்குப் போட அதுக்குக் காசும் ஆளும் உண்டு. கண்டாங்கிக்கும் அதே சட்டம்தான், அதே குறியீடுதான். ஆனா சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி வெச்சாச்சு. வடக்கே ஒருத்தன் அந்தப் பேர்ல விக்கறான்னா, தறியை நிறுத்திட்டு யார் போய் வழக்குப் போடுவா? பூட்டு இருக்கு, காவல்காரன் இல்லை.

அதனாலதான் "விளம்பரத்தை நம்பாதீங்க மக்களே"ன்னு முடிக்க எனக்கு மனசு வரலை. அது சுலபமான உபதேசம். நாளைக்குக் காலையில டீ குடிச்சுட்டு மறந்துடுவோம். எனக்குத் தோணறது இதுக்கு நேர் எதிர். கண்டாங்கிக்கு விளம்பரம் பத்தலை. உண்மையான விளம்பரம் பத்தலை.

நாமக்கல்லைப் பாருங்க. முட்டை எந்தப் பண்ணையில வந்துச்சுன்னு நாம யாரும் பார்க்கறதில்லை. ஆனா முட்டை சாப்பிடுங்கன்னு டிவியில விளம்பரம் பார்த்திருக்கோம். அது எந்தக் கம்பெனியோடதும் இல்லை. 1982ல கோழிப் பண்ணைக்காரங்க சேர்ந்து தொடங்கின தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவோடது. தனித்தனியா யாராலயும் முடியாததை எல்லாரும் சேர்ந்து செஞ்சாங்க. தோட்டத்துரைங்க தேயிலைக்குச் செஞ்ச அதே வேலை, இந்த முறை பண்ணைக்காரங்க கையால.

புடவையிலயும் முயற்சி இல்லாம இல்லை. 2006ல கைத்தறி முத்திரை வந்துச்சு. 2015 ஆகஸ்ட் 7ல, முதல் தேசியக் கைத்தறி நாள் அன்னைக்கு, 'இந்தியா ஹேண்ட்லூம்' பிராண்டைத் தொடங்கி வெச்சதே நம்ம சென்னையிலதான். கோ-ஆப்டெக்ஸ் புடவையோட நெய்தவரோட பேரும் படமும் போட்ட அட்டையை வெச்சுக் கொடுத்தாங்க. எனக்கு இந்தக் கடைசி விஷயம் ரொம்பப் பிடிச்சிருக்கு. என்ன பெரிய மார்க்கெட்டிங் மூளை! பேரையும் பொருளையும் திரும்பவும் ஒட்ட வெக்கற வேலை அது. விசைத்தறிக்காரன் கட்டத்தைக் காப்பி அடிக்கலாம், கரையைக் காப்பி அடிக்கலாம், நெய்தவர் முகத்தை எப்படிக் காப்பி அடிப்பான்?

ஆனா இதெல்லாம் எங்க அம்மா போன் வரைக்கும் வந்து சேரலையே. அங்கதான் நம்ம வேலை வருது. நம்மன்னா உங்களையும் என்னையும்தான் சொல்றேன். படம் எடுக்கத் தெரியும், எழுதத் தெரியும், தளம் கட்டத் தெரியும். ரேண்டம் நம்பர் கூடப் போடத் தெரியும்! ஒவ்வொருத்தர் ஊர்லயும் ரெண்டு தெரு தள்ளி ஏதோ ஒண்ணு இருக்கும். பாய், பானை, பூட்டு, முறுக்கு, எதுவோ. அதைப் பத்தி அதைச் செய்யறவங்க யாருமே எழுதியிருக்க மாட்டாங்க.

வாங்கற பக்கத்துலயும் ஒரே ஒரு கேள்வி போதும்னு நினைக்கறேன். விலை, ஸ்டார், தள்ளுபடி எல்லாம் பார்த்த பிறகு, "இதை யார் செஞ்சது, எந்த ஊர்ல?"ன்னு ஒரு தடவை கேளுங்க. பதில் கிடைச்சா மனசாரக் காசு கொடுங்க, அது எந்த ஊரா இருந்தாலும் சரி. விசைத்தறிப் புடவையே வேணும்னாலும் வாங்குங்க. எல்லாராலயும் கைத்தறி விலை கொடுக்க முடியாது, அதுல எந்தப் பாவமும் இல்லை. ஆனா விசைத்தறின்னு தெரிஞ்சு வாங்குங்க. பதில் இல்லாம வெறும் பேரு மட்டும் இருந்தா, அந்தப் பேரு யாரோடதோன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க.

*

கிளம்பற அன்னைக்குக் காலையில அந்தத் தறி வீட்டுக்கு அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போனேன். அம்மாவுக்குக் கொஞ்சம் கூச்சம். அவர் ஒண்ணும் கேக்கலை. நாலு புடவையைப் பிரிச்சுப் போட்டார். அரக்கும் கறுப்புமா ஒண்ணை எடுத்து அம்மா தோள் மேல போட்டுப் பார்த்தாங்க. கரையோரமா அந்தப் பொடி ஓட்டைகளை விரலால தடவிட்டு, "அத்தை புடவையில இது இருக்கும். எலி கடிச்சுதோன்னு நினைச்சிருக்கேன்"னாங்க. மூணு பேரும் சிரிச்சோம்.

அந்தப் புடவையைத்தான் என் அத்தைக்கு எடுத்தோம். ஆன்லைன் புடவையைத் திருப்பி அனுப்பலாம்னேன். அம்மா, "இருக்கட்டும்டா, நான் வீட்டுல கட்டிக்கறேன்"னுட்டாங்க.

போன்ல அவர் புடவையை நாலஞ்சு படம் எடுத்திருக்கேன். தறி, அவர் கை, நாடா ஓடும்போது ஒண்ணு, கரையோர ஓட்டை தெரியற மாதிரி ஒண்ணு. சின்னதா ஒரு பக்கம் கட்டித் தரேன்னு சொல்லியிருக்கேன். அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "எத்தனை இருக்கோ அத்தனை போடுங்க தம்பி. இல்லைன்னா இல்லைன்னு போடுங்க."

இந்தத் தடவை அந்த எண்ணை டேபிள்லேர்ந்துதான் எடுக்கப் போறேன்.

டிஸ்கி: அந்த எனாமல் பலகையை நண்பன் கடைசியில பேரம் பேசி வாங்கிட்டான். இப்போ அவன் வீட்டு ஹால்ல தொங்குது. வர்றவங்க எல்லாரும் பார்த்துட்டு, "ஒரு டீ போடேன்"ங்கறாங்களாம். தொண்ணூறு வருஷம் கழிச்சும் வேலை செய்யுது பாருங்க :-)